சூரியன் இல்லாத மூன்று நாட்கள்

ஞாயிறு பள்ளியில் வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில், தேவன் ஆறு நாளில் எல்லாவற்றையும் படைத்ததைச் சொல்லும் முதல் அதிகாரத்தைச் சொல்லிக்கொடுக்கும்போது ஏதாவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்டுவிடும். சூரியனையே நாலாம் நாள்தான் தேவன் உண்டாக்கினார் என்றால் அதற்கு முந்தின மூன்று நாளும் எப்படி நாள் ஆயிற்று? சாயங்காலம் எப்படி வந்தது, விடியற்காலம் எப்படி வந்தது? சின்ன வயதில் நானும் கேட்டேன், இப்போது வகுப்பு எடுக்கும் என்னிடமும் கேட்கிறார்கள், கூடவே "அக்கா, அப்ப டைனோசர் எந்த நாள்?" என்ற கேள்வியும் வரும். எனக்கு அன்று கிடைத்த பதில், "அதெல்லாம் கேட்கக் கூடாது, விசுவாசிக்கணும்." அந்தப் பதில் அன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. அந்தப் பிள்ளை வசனத்தைக் கவனமாக வாசித்ததால்தான் கேட்கிறது, அதைப் போய் அவிசுவாசம் என்று அடக்குவது பெரிய தவறு.

டார்வின் வந்த பிறகு, விஞ்ஞானத்துக்குப் பயந்து, சபை இப்படியெல்லாம் யோசிக்கத் தொடங்கியது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது மிகப் பழைய கேள்வி. அலெக்சாந்திரியாவின் வேத அறிஞர் ஓரிகன் மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே, சூரியனும் சந்திரனும் நட்சத்திரங்களும் இல்லாமல் முதல் மூன்று நாளும் சாயங்காலத்தோடும் விடியற்காலத்தோடும் கழிந்தன என்று புத்தியுள்ள யார்தான் நினைப்பார்கள் என்று எழுதிவிட்டார். வட ஆப்பிரிக்காவில் பிஷப்பாக இருந்த அகஸ்டின் இன்னும் ஒரு படி மேலே போனார். கி.பி. 401 வாக்கில் தொடங்கி ஏறக்குறைய பதினைந்து வருஷம் ஆதியாகமத்தின் முதல் மூன்று அதிகாரங்களோடு போராடி பன்னிரண்டு பாகமாக விளக்கம் எழுதியவர் அவர். தேவன் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் படைத்தார், ஆறு நாள் என்பது கால அளவு இல்லை, படைப்பை நாம் புரிந்துகொள்வதற்காகப் போட்ட வரிசை என்பது அவர் முடிவு. அதாவது சர்வவல்லவருக்கு ஆறு நாள் தேவைப்படுமா என்பதுதான் அவருக்கு இடறலாக இருந்தது! அந்த நாட்கள் எப்படிப்பட்டவை என்று கற்பனை செய்வதே கடினம், ஒருவேளை முடியாததாகவும் இருக்கலாம் என்றும் வேறொரு இடத்தில் சொல்கிறார்.

இன்னொரு பக்கம், நாலாம் நூற்றாண்டில் செசரியாவின் பிஷப்பாக இருந்த பசிலியு அவற்றை 24 மணி நேர நாட்களாகவே எடுத்துக்கொண்டு பிரசங்கித்தார். ஆக, ஆதி சபையில் ஒரே கருத்துதான் இருந்தது என்று எந்தப் பக்கத்துக்காரர் சொன்னாலும் அது சரியில்லை. இந்த விஷயத்தில் மாறுபட்ட அகஸ்டின், பசிலியு இருவரையும் சபை பிதாக்கள் என்றே அழைக்கிறோம், யாரும் யாரையும் இதற்காகச் சபைக்கு வெளியே தள்ளவில்லை.

சரி, வார்த்தைக்கு வருவோம். நாள் என்பதற்கு எபிரெயத்தில் யோம். ஆதியாகமத்தின் தொடக்கத்திலேயே, ஒன்றரை அதிகாரத்துக்குள், இந்த ஒரே சொல் மூன்று பொருளில் வருகிறது. தேவன் வெளிச்சத்துக்குப் பகல் என்று பேரிட்டார் என்கிற இடத்தில் யோம் என்றால் பகல் மட்டும். முதலாம் நாள், இரண்டாம் நாள் என்று எண்ணும்போது இரவும் பகலும் சேர்ந்தது. அப்புறம் 2:4இல் "தேவனாகிய கர்த்தர் பூமியையும் வானத்தையும் உண்டாக்கின நாளில்" என்று வரும்போது அந்த ஒரு நாளுக்குள் முழு வாரமும் அடங்கிவிடுகிறது. தமிழருக்கு இது புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. நம்முடைய நாள் என்ற சொல்லும் அப்படித்தான். நாளங்காடி என்றால் பகல்நேரச் சந்தை, நாள்மீன் என்றால் நட்சத்திரம், "அவருக்கு நாள் நெருங்கிவிட்டது" என்றால் ஆயுள், "எங்கள் தாத்தா நாளில்" என்றால் ஒரு தலைமுறைக் காலம்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு, யோம் என்றால் யுகம் என்றும் பொருள், பிரச்சினை தீர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் அகராதியில் இருந்தாலும் அந்த வாக்கியம் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கும். "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" என்று ஆறு முறை திரும்பத் திரும்ப எழுதியவர் மனதில் கோடி வருஷம் இருந்தது என்று என்னால் நினைக்க முடியவில்லை. அவர் மனதில் இருந்தது ஒரு வேலைக்காரனின் நாள். பகலில் வேலை, அந்தி சாய்ந்ததும் நிறுத்தம், விடிந்ததும் அடுத்த வேலை. இதைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

பூமிக்கு ஆறாயிரம் வருஷம்தான் என்பது எங்கிருந்து வந்தது? வேதத்தில் அப்படி ஒரு வசனம் கிடையாது. ஆதியாகமம் 5, 11 அதிகாரங்களின் வம்ச வரலாற்றில் இருக்கும் வயதுகளையும், ராஜாக்களின் ஆண்டுகளையும் கூட்டி எடுத்த கணக்கு அது. அயர்லாந்தின் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650இல் வெளியிட்ட கணக்கின்படி படைப்பு நடந்தது கி.மு. 4004 அக்டோபர் 23. அவர் முட்டாள் அல்ல, அந்தக் காலத்தில் கிடைத்த பாபிலோனிய, கிரேக்க, ரோம வரலாறுகளை எல்லாம் ஒப்பிட்டுப் பார்த்த பெரிய படிப்பாளி. 1701இலிருந்து இந்த ஆண்டுகளை ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அச்சடிக்க ஆரம்பித்தார்கள். ஓரத்தில் இருந்தது மெல்ல மெல்ல வசனத்தின் மதிப்பைப் பெற்றுவிட்டது. இத்தனைக்கும், பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் அந்த முற்பிதாக்களின் வயதுகளே வேறு, அதை வைத்துக் கூட்டிய கிழக்கத்திய சபைகள் படைப்பை ஏறக்குறைய கி.மு. 5500இல் வைத்தன. எந்தப் பிரதியைக் கையில் எடுக்கிறோம் என்பதிலேயே ஆயிரம் வருஷத்துக்கு மேல் வித்தியாசம் வருகிறது.

இப்போது விஞ்ஞானப் பக்கம். பூமியின் வயதைச் சும்மா ஊகித்துச் சொல்கிறார்கள் என்று பிரசங்க மேடைகளில் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும், அதனால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். சிர்கான் என்று ஒரு கனிமம் உண்டு. அது படிகமாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை விடாது. பிறகு அந்த யுரேனியம் சிதைந்து சிதைந்து ஈயமாக மாறும். யுரேனியம் 238இல் பாதி மாறுவதற்கு ஏறக்குறைய 447 கோடி ஆண்டு, யுரேனியம் 235க்கு ஏறக்குறைய 70 கோடி ஆண்டு. ஆக ஒரே படிகத்துக்குள் வேகம் வேறுபட்ட இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன, இரண்டும் ஒரே வயதைக் காட்டினால் அந்தக் கணக்கை நம்பலாம். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த ஒரு சிர்கான் துகளின் வயது ஏறக்குறைய 440 கோடி. 1956இல் கிளேர் பேட்டர்சன் அரிசோனாவில் விழுந்த விண்கல் உள்ளிட்ட சில விண்கற்களின் ஈயத்தை அளந்து பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று கண்டார், அந்த எண் இன்றுவரை பெரிதாக மாறவில்லை.

தேவன் பழையதாகத் தோன்றும்படியே படைத்திருக்கலாமே, ஆதாமை வளர்ந்த மனிதனாகப் படைக்கவில்லையா என்று கேட்பார்கள். 1987 பிப்ரவரியில் ஒரு நட்சத்திரம் வெடித்ததை வானியலாளர்கள் பார்த்தார்கள். அது ஏறக்குறைய 1,68,000 ஒளியாண்டு தொலைவில், பெரிய மெகல்லன் மேகம் என்ற விண்மீன் கூட்டத்தில் இருந்தது. பிரபஞ்சத்துக்கு ஆறாயிரம் வருஷம்தான் என்றால் அந்த ஒளி நட்சத்திரத்திலிருந்து புறப்பட்டே இருக்க முடியாது, வழியிலேயே படைக்கப்பட்டிருக்க வேண்டும். அப்படியானால் நாம் பார்த்தது ஒருபோதும் நடக்காத வெடிப்பின் படம். வளர்ந்த ஆதாமைப் படைப்பது வேறு, அவன் உடம்பில் விழாத காயத்தின் தழும்பை வைத்துப் படைப்பது வேறு. "பொய்யுரையாத தேவன்" என்று தீத்துவுக்கு எழுதின நிருபத்தில் வாசிக்கிற நான் இதை எப்படி ஏற்றுக்கொள்வேன்? இந்த விஷயத்தில் என் மனம் மாறியதற்குக் காரணம் விஞ்ஞானத்தின் மேல் வந்த பயம் இல்லை, தேவனுடைய குணத்தின் மேல் இருந்த நம்பிக்கைதான்.

இந்த நீண்ட காலத்தையும் ஆறு நாளையும் பொருத்துவதற்கு இரண்டு வழிகள் நம் சபைகளில் நன்றாகப் புழங்குகின்றன. ஒன்று இடைவெளி விளக்கம். முதல் வசனத்துக்கும் இரண்டாம் வசனத்துக்கும் நடுவே கோடிக்கணக்கான வருஷம் போயிற்று, அதற்குள் சாத்தான் விழுந்தான், ஆதி பூமி அழிந்தது, மூன்றாம் வசனத்திலிருந்து நடப்பது மறுசீரமைப்பு என்பார்கள். ஸ்காட்லாந்தின் தாமஸ் சால்மர்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த இடைவெளியைப் போதித்தார், 1909இல் வந்த ஸ்கோஃபீல்ட் குறிப்பு வேதாகமம் அதை உலகம் முழுவதும் கொண்டுபோனது. இத்தனை பெரிய கதையை இரண்டு வசனத்துக்கு நடுவே சொருகுவதற்கு மூலத்தில் இடமே இல்லை என்பது என் கருத்து. டைனோசரைப் புதைக்க ஓர் இடம் தேவைப்பட்டது, அங்கே ஒரு குழி வெட்டினார்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது, ஒரு நாள் ஒரு யுகம் என்பது. "கர்த்தருக்கு ஒருநாள் ஆயிரம் வருஷம்போலவும்" என்ற பேதுருவின் வசனம் இதற்குத் துணை. கல் உடைக்கும் வேலை செய்து பிறகு புவியியல் எழுத்தாளரான ஹ்யூ மில்லர் போன்ற பக்தியுள்ள மனிதர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள், அவர்கள் நோக்கத்தை நான் மதிக்கிறேன். சிக்கல் வரிசையில் வருகிறது. மூன்றாம் நாள் கனிமரங்கள், ஐந்தாம் நாள் மீன்களும் பறவைகளும், ஆறாம் நாள் தரை மிருகங்கள். பாறைகளில் இருக்கும் வரிசையோ, மீன்கள் 50 கோடி வருஷத்துக்கு முன்பே இருக்கின்றன, நாலு காலுள்ள உயிர்கள் கரையேறியது ஏறக்குறைய 37 கோடி வருஷத்துக்கு முன், பறவைகளின் தொடக்கம் 15 கோடி, கனி தரும் பூக்கும் செடிகளின் எச்சங்கள் தெளிவாகக் கிடைப்பது 13 கோடி வருஷ அளவில்தான். மீனுக்கு முன் கனிமரம் இல்லை, தரை விலங்குக்கு முன் பறவை இல்லை. நாலாம் நாள் சூரியனைப் படைக்கவில்லை, மேகம் விலகித் தெரிய ஆரம்பித்தது என்று ஒரு விளக்கம் சொல்வார்கள், ஆனால் வசனம் "உண்டாக்கினார்" என்றுதான் சொல்கிறது. ஒவ்வொரு ஓட்டையையும் இப்படி அடைத்துக்கொண்டே போனால் கடைசியில் வசனமும் வசனமாக இருக்காது, புவியியலும் புவியியலாக இருக்காது.

இப்படிப் பொருத்துவதில் வேறொரு ஆபத்தும் உண்டு, அதை எச்சரித்தவர்களில் ஒருவர் பாதிரியார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் எழுதி, 1931இல் எல்லாம் ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியது என்று சொன்ன பெல்ஜியத்துக் கத்தோலிக்கக் குருவானவர் ஜார்ஜ் லெமேத்ர். இன்று பெருவெடிப்பு என்கிறோமே, அதன் விதை அவருடையது. 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ் ஒரு உரையில் இந்தத் தொடக்கத்தையும் "வெளிச்சம் உண்டாகக்கடவது" என்ற ஆதி வார்த்தையையும் இணைத்துப் பேசினார். லெமேத்ர் மகிழ்ந்திருக்க வேண்டும் அல்லவா? அவருக்குச் சங்கடமாக இருந்தது. தன் கோட்பாடு இயற்பியல், அதை இயற்பியலாகவே சரிபார்க்க வேண்டும், அது விசுவாசத்தை நிரூபிப்பதும் இல்லை, மறுப்பதும் இல்லை என்பது அவர் நிலை. அடுத்த ஆண்டு ரோமில் வானியலாளர்களிடம் பேசியபோது போப் அந்த ஒப்பீட்டை மறுபடி எடுக்கவில்லை. இன்றைய விஞ்ஞானத்தோடு வேதத்தைக் கட்டிப்போட்டால், நாளைக்கு விஞ்ஞானம் தன்னைத் திருத்திக்கொள்ளும்போது வேதமும் தோற்றதாகப் பிள்ளைகள் நினைப்பார்கள். இன்று பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு என்கிறோம், அந்த எண்ணை ஆதியாகமத்துக்குள் தேடக் கூடாது, அது அங்கே இல்லை.

அப்படியானால் அங்கே என்னதான் இருக்கிறது? தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் ஆதியாகமம் முதல் அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தை மெதுவாக வாசியுங்கள். "பூமியானது ஒழுங்கின்மையும் வெறுமையுமாய் இருந்தது." எபிரெயத்தில் தோஹு, போஹு. இரண்டு குறைகள். இப்போது ஆறு நாளையும் மூன்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். முதல் மூன்று நாளும் பிரிப்பது, ஒழுங்குபடுத்துவது: வெளிச்சமும் இருளும், மேலே உள்ள தண்ணீரும் கீழே உள்ள தண்ணீரும், கடலும் தரையும். அடுத்த மூன்று நாளும் நிரப்புவது. முதல் நாளின் வெளிச்சத்துக்கு நாலாம் நாளில் சுடர்கள். இரண்டாம் நாளின் ஆகாயத்துக்கும் தண்ணீருக்கும் ஐந்தாம் நாளில் பறவையும் மீனும். மூன்றாம் நாளின் தரைக்கு ஆறாம் நாளில் மிருகமும் மனிதனும். முதல் மூன்று நாள் ஒழுங்கின்மைக்கு மருந்து, அடுத்த மூன்று நாள் வெறுமைக்கு மருந்து. வீட்டைக் கட்டிவிட்டுக் குடியேற்றுவது போல. சூரியன் நாலாம் நாள் ஏன் என்ற அந்தப் பிள்ளையின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் கேட்டதில்லை. ஒன்றும் நாலும் ஜோடி. இருபதாம் நூற்றாண்டில் மெரிடித் கிளைன் போன்ற பழைய ஏற்பாட்டு அறிஞர்கள் இதை விரிவாக எழுதினார்கள். அவர் வேதத்தை லேசாக எடுத்துக்கொண்டவர் அல்ல, கட்டுப்பாடான சீர்திருத்த சபைப் போதகர்.

சூரியன் தாமதமாக வருவதற்கு இன்னொரு அழகான காரணமும் இருக்கிறது. நாலாம் நாளில் சூரியன், சந்திரன் என்ற பெயர்களே வரவில்லை, கவனித்திருக்கிறீர்களா? "பெரிய சுடர்", "சிறிய சுடர்" என்று மட்டும் இருக்கிறது, தமிழ் மொழிபெயர்ப்பும் அதை அப்படியே காத்திருக்கிறது. ஷெமெஷ் என்ற எபிரெயச் சொல் சூரியனுக்கு உண்டு. ஆனால் அதற்கு இனமான ஷமாஷ் பாபிலோனில் ஒரு தெய்வத்தின் பெயர், சந்திரனுக்கு அங்கே சின் என்ற தெய்வம், எகிப்திலோ சூரியன்தான் ரா என்ற தெய்வம். இந்த அதிகாரத்தை மோசே எழுதினார் என்று எடுத்தாலும், யூதர்கள் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டிருந்த காலத்தில் வடிவம் பெற்றது என்று பல அறிஞர்கள் சொல்வதை எடுத்தாலும், அதைக் கேட்ட ஜனங்கள் சூரியனைக் கும்பிடுகிற பேரரசின் கீழ் நொந்துபோனவர்கள். அவர்களிடம், உங்கள் எஜமான்கள் விழுந்து வணங்குவது ஒரு விளக்கு, அது நாலாம் நாள்தான் ஏற்றப்பட்டது, அது இல்லாமலே வெளிச்சம் இருந்தது என்று சொல்கிறது இந்த அதிகாரம். இதை வானியல் பாடமாக வாசித்தால் அந்தத் துணிச்சல் முழுவதும் நம் காதில் விழாமலே போய்விடும்.

நினிவேயில் அசீரிய ராஜா அசூர்பானிபாலின் நூலகத்தைத் தோண்டியபோது கிடைத்து, 1876இல் ஜார்ஜ் ஸ்மித் வெளியிட்ட பாபிலோனியப் படைப்புக் கதையைப் பக்கத்தில் வைத்தால் இது இன்னும் தெளிவாகும். அதில் மர்துக் என்ற தேவன் தியாமத் என்ற கடல் தேவியைக் கொன்று, அவள் உடலைப் பிளந்து வானத்தைச் செய்கிறான். தோற்ற தேவன் ஒருவனின் இரத்தத்தில் மனிதன் உண்டாக்கப்படுகிறான், எதற்கென்றால் தேவர்களின் வேலைச் சுமையைச் சுமப்பதற்கு. ஆதியாகமத்திலோ ஆழமான நீர் இருக்கிறது, சண்டை இல்லை, ஒரு வார்த்தை போதுமாக இருக்கிறது. மனிதன் யாருக்கும் கூலியாள் இல்லை, தேவசாயல்.

இங்கே இரண்டு ஆட்சேபம் வரும். முதலாவது, நாட்களை இப்படி வாசித்தால் நாளைக்கு உயிர்த்தெழுதலையும் உருவகம் என்பார்களே என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது, ஆனால் நம்முடைய விசுவாச முன்னோர் அப்படிப் பயப்படவில்லை. லண்டனின் புகழ்பெற்ற பிரசங்கியார் ஸ்பர்ஜன் 1855இலேயே, ஆதாமுக்குப் பல கோடி வருஷம் முன்பே பூமி இருந்திருக்கலாம் என்று பிரசங்க மேடையிலிருந்து சொன்னார். பரிணாமத்துக்கு எதிராக அமெரிக்காவையே திரட்டிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், 1925இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், பள்ளியில் பரிணாமம் கற்பித்ததற்காக ஓர் ஆசிரியர் மேல் டேட்டன் நகரில் நடந்த வழக்கில் குறுக்கு விசாரணைக்கு நின்றபோது, அவை 24 மணி நேர நாட்கள் அல்ல என்றே பதில் சொன்னார். ஆறாயிரம் வருஷம், 24 மணி நேரம், பெரும்பாலான படிவுப் பாறைகள் நோவாவின் வெள்ளத்தில் உண்டானவை என்ற தொகுப்பு பெரிய இயக்கமாக ஆனதே 1961இல் விட்கோம், மோரிஸ் என்ற இருவரின் நூலுக்குப் பிறகுதான். உயிர்த்தெழுதலை லூக்காவும் பவுலும் பேர் சொல்லிச் சாட்சிகளோடு எழுதுகிறார்கள், படைப்புக்கு எந்த மனிதச் சாட்சியும் இல்லை. இரண்டும் ஒரே விதமான எழுத்து இல்லை. அகஸ்டின் சொன்ன பயம்தான் எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிகிறது: வானத்தையும் பூமியையும் பற்றி நன்றாகத் தெரிந்த ஓர் அவிசுவாசியிடம் ஒரு கிறிஸ்தவன் வேதத்தின் பெயரால் தவறாகப் பேசினால், அந்த அவிசுவாசி பிறகு உயிர்த்தெழுதலைப் பற்றி நம் புத்தகம் சொல்வதை எப்படி நம்புவார்?

இரண்டாவது ஆட்சேபம் வலுவானது. யாத்திராகமம் 20:11. "கர்த்தர் ஆறுநாளைக்குள்ளே வானத்தையும் பூமியையும் சமுத்திரத்தையும் அவைகளிலுள்ள எல்லாவற்றையும் உண்டாக்கி, ஏழாம் நாளிலே ஓய்ந்திருந்தார்." ஆகவே நீயும் ஓய்ந்திரு. தேவனுடைய ஆறு நாள் நம் ஆறு நாளைப் போல இல்லாவிட்டால் இந்தக் கட்டளைக்கு அர்த்தம் என்ன என்று கேட்பார்கள். நான் முன்னே பிடித்து வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான். அந்த வாரம் வேலைக்காரனின் வாரம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தேவன் தம்முடைய வேலையை ஒரு கூலிக்காரனுக்குப் புரியும் அளவில் வைத்துச் சொல்கிறார். அதே புத்தகம் 31:17இல் ஏழாம் நாளில் அவர் ஓய்ந்திருந்து பூரித்தார் என்கிறது. எபிரெயச் சொல் மூச்சு வாங்கி இளைப்பாறுவதைக் குறிக்கும் சொல். சோர்ந்துபோகாத தேவனுக்கு மூச்சு வாங்குமா? வாங்காது, அதை அப்படியே எழுத்தின்படி எடுக்கிறவர்கள் யாரும் இல்லை, ஆனாலும் வசனம் அப்படிச் சொல்லத் தயங்கவில்லை, ஏனென்றால் இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எகிப்தில் செங்கல் அறுத்தவர்கள், அவர்களுக்கு ஏழாம் நாள் என்று ஒன்று இருந்ததே இல்லை.

அந்த ஏழாம் நாளுக்கு மட்டும் "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" என்ற வரி எழுதப்படவில்லை. ஆறு முறை தவறாமல் வந்தது, ஏழாவது முறை வரவில்லை. எபிரெயருக்கு எழுதின நிருபம் நாலாம் அதிகாரத்தில் இந்த ஏழாம் நாளை எடுத்துக்கொண்டு, அந்த இளைப்பாறுதலில் பிரவேசிக்கும் வாக்குத்தத்தம் இன்னும் மீதியாயிருக்கிறது என்று எழுதுகிறது. எத்தனை மணி நேரம் என்று கேட்கிற பிள்ளைகளிடம் நான் இப்போது இந்த இடத்தைத்தான் திறந்து காட்டுகிறேன், முடிகிற வரி எங்கே என்று அவர்களையே தேடச் சொல்லி.